வன்னியில் இருந்து திண்மநிலைப் பௌதிகத்தில் மேற்படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் பௌதிகம் படித்துப் பட்டம் எடுத்த பிள்ளைகளும், உயர்தர வகுப்புக்குக் கற்பிக்கும் இளம் ஆசிரியர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. திண்மநிலைப் பௌதிகம் என்பது திண்மப் பொருட்களுக்குள் அணுக்களும் இலத்திரன்களும் எப்படி நடந்துகொள்கின்றன என்று படிப்பது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்வதை விட எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

பட்டப்படிப்பில் திண்மநிலை ஒரு பாடமாகப் படித்து முடித்தாச்சு. மேற்படிப்பில் புதிதாக என்ன இருக்கு சேர்?

பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பளிங்குச் சாலகம் (அணுக்களின் ஒழுங்கான அடுக்கு), போனன் (அந்த அடுக்கின் அதிர்வு), சுயாதீன இலத்திரன் மாதிரி, சக்திப் பட்டைகள், குறைகடத்தி, காந்தவியல், மீகடத்தல் என்று தலைப்புகள் ஏறக்குறைய அதே வரிசையில்தான் இருக்கும். மாறுவது கேள்வி. பட்டப்படிப்பில் ஒரு மாதிரியைத் தருவார்கள், நீங்கள் கணக்குச் செய்வீர்கள். மேற்படிப்பில் அந்த மாதிரி ஏன் சரிவருகிறது, எங்கே உடைகிறது என்று கேட்பார்கள்.

செம்பை எடுங்கள். ஒரு கன சென்ரிமீற்றரில் 8.5 × 10²² கடத்து இலத்திரன்கள். பக்கத்துப் பக்கத்து இலத்திரன்களுக்கு இடையே இரண்டரை ஆங்ஸ்ட்ரோம் அளவு தூரம்தான். இவ்வளவு நெருக்கத்தில் ஒன்றையொன்று தள்ளும் சக்தி பல இலத்திரன் வோல்ற்று. ஆனால் 1900இல் துரூடேயும், 1920களின் இறுதியில் சொமர்ஃபெல்டும் இந்தத் தள்ளுகையை அப்படியே கைவிட்டுவிட்டுக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு பரவாயில்லாமல் ஒத்தும்போனது. எப்படி?

ஒரே நிலையில் இரண்டு இலத்திரன் இருக்க முடியாது என்ற பவுலியின் விதிதான் முக்கிய காரணம். செம்பின் பெர்மி சக்தி, அதாவது இலத்திரன்கள் நிரப்பியிருக்கும் மிக உயர்ந்த மட்டத்தின் சக்தி, 7 இலத்திரன் வோல்ற்று. அறை வெப்பநிலையில் வெப்பம் கொடுக்கக்கூடியது 0.026 இலத்திரன் வோல்ற்று மட்டும். ஆழத்தில் இருக்கும் இலத்திரனை இன்னொன்று மோதினாலும் அது போய் இருக்க வெற்று நிலை கிடையாது. ஆகவே பெர்மி மட்டத்தை ஒட்டிய மெல்லிய அடுக்கில் உள்ளவை மட்டுமே அசையும், மற்றவை கட்டுண்டு கிடக்கும். இதை ஒழுங்கான கோட்பாடாக லாண்டோ 1956இல் எழுதினார்.

இன்னொரு புதிரும் உண்டு. செம்பில் ஓர் இலத்திரன் அறை வெப்பநிலையில் சுமார் 40 நனோமீற்றர் தூரம் முட்டாமல் போகிறது. அந்தத் தூரத்துக்குள் நூற்றைம்பது அணு வரிசையாவது இருக்கும். இத்தனை அயன்களில் முட்டாமல் எப்படிப் போனது? இதற்குப் பதில் புளொக் 1928இல் கொடுத்தது: சாலகம் முழுக்க ஒழுங்காக இருந்தால் அயன்கள் தடையே இல்லை, ஒழுங்கு குலையும் இடங்களும், வெப்ப அதிர்வும்தான் தடை. மேற்படிப்பின் முதல் அரை வருடம் முழுக்க இந்த இரண்டு பதில்களையும் கணிதமாக எழுதிப் பார்ப்பதுதான் என்று சொன்னால் பிழையில்லை.

எவ்வளவு கணிதம் தெரிந்திருக்க வேணும்?

பூரியர் தொடரும் உருமாற்றமும், தாயங்களின் ஐகன் பெறுமானம், குவாண்டம் பொறிமுறையில் குழப்பக் கொள்கை (ஒரே சக்தியில் பல நிலைகள் இருக்கும்போதும் சேர்த்து), புள்ளிவிபரப் பொறிமுறையில் பெர்மி–டிராக், போஸ்–ஐன்ஸ்டைன் பரம்பல்கள். இவ்வளவு போதும். இரண்டாம் குவாண்டமாக்கல் பின்னர் வரும், இப்போது பயப்பட வேண்டாம்.

உங்களை நீங்களே சோதிக்க இரண்டு வேலை சொல்கிறேன். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, இரண்டு வேறு திணிவுள்ள அணுக்கள் மாறிமாறி வரும் சங்கிலியின் அதிர்வு மீடிறன்களைப் புத்தகம் பார்க்காமல் எடுங்கள். ஒலிக்கிளை, ஒளிக்கிளை இரண்டும் வர வேண்டும். அடுத்தது, ஓர் அணுத் தடிப்பே உள்ள காபன் தாளான கிரபீனில் இரண்டு வகை அணு இடங்கள் இருப்பதை வைத்து இரண்டுக்கு இரண்டு தாயம் எழுதி, சக்திப் பட்டைகள் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்வதைக் காட்டுங்கள். இதை வாலஸ் 1947இலேயே செய்துவிட்டார், கிரபீனைத் தனியே உரித்தெடுத்து ஆராய்ந்த 2004ஆம் ஆண்டுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தி. இரண்டும் வந்தால் நீங்கள் தயார். வராவிட்டால் எது தடுக்கிறதோ அதை மட்டும் போய்ப் படியுங்கள், முழுக் கணிதப் புத்தகத்தையும் முதலில் இருந்து தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கியவர்கள் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

எந்தப் புத்தகம்?

மூன்று பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். கிட்டெல் 1953இல் முதலில் வந்தது, எட்டுப் பதிப்புக் கண்டது. அட்டவணைக்கும் பெறுமானங்களுக்கும் நல்லது. ஆனால் தனியாக இருந்து படிப்பவருக்கு அது நல்ல ஆசிரியர் இல்லை, பல இடங்களில் படிகளைத் தாண்டிப் போய்விடும். அஷ்கிராஃப்ட்–மெர்மின் 1976, பளிங்கில் தொடங்காமல் துரூடேயில் தொடங்கி, எங்கே பிழைக்கிறது என்று காட்டிக் காட்டி முன்னேறும். மேற்படிப்பின் மனநிலைக்கு அதுதான் சரி. ஒரு எச்சரிக்கை: அது கௌஸ் அலகு முறையில் எழுதப்பட்டது. நீங்கள் பழகிய சர்வதேச அலகுச் சமன்பாட்டோடு ஒப்பிடும்போது நான்கு பையும் ஒளியின் வேகமும் எங்கிருந்தோ வந்து நிற்கும். பதற வேண்டாம், முதல் நாளே மாற்று அட்டவணை ஒன்று எழுதி அட்டையில் ஒட்டிவையுங்கள்.

மூன்றாவது ஸ்டீவன் சைமனின் ஒக்ஸ்போர்ட் பாடநூல், 2013. ஒரு பரிமாணத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் மூன்று பரிமாணத்துக்குப் போகும். சைமனில் தொடங்கி அஷ்கிராஃப்ட்–மெர்மினுக்குப் போங்கள், கிட்டெல் பக்கத்தில் இருக்கட்டும். அந்த வகுப்பின் விரிவுரைகளையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இரவில் டேட்டா மலிவான பொதி இருந்தால் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிகர்மாற்றுச் சாலகம் மண்டைக்குள் ஏறுதில்லை. என்ன செய்ய?

எல்லோருக்கும் இதே சிக்கல்தான். வரைவிலக்கணத்தைப் பாடமாக்குவதால் வருவது இது. சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துவிட்டு ஒரு வரைபுத் தாளை எடுங்கள்.

தாளின் நீளப் பக்கத்தில் 0, 5, 10, 15, 20 சென்ரிமீற்றரில் ஐந்து புள்ளி வையுங்கள். இவைதான் அணுக்கள். இப்போது 20 சென்ரிமீற்றர் அலைநீளமுள்ள ஒரு கோசைன் அலையைப் பென்சிலால் வரையுங்கள். அணுக்களில் அதன் உயரம் 1, 0, −1, 0, 1. அடுத்து அதே இடத்தில் இருந்து 4 சென்ரிமீற்றர் அலைநீளமுள்ள அலையைச் சிவப்புப் பேனையால் வரையுங்கள். அணுக்களில் அதன் உயரத்தைப் பாருங்கள்: 1, 0, −1, 0, 1. இடையில் சிவப்பு அலை எத்தனை தரம் ஏறி இறங்கினாலும் அணு இருக்கும் இடத்தில் இரண்டும் ஒன்றுதான். அணுக்களுக்கு மட்டும்தான் அசைவு உண்டு என்றால், இந்த இரண்டு அலையையும் வேறுபடுத்த இயற்கைக்கே வழி இல்லை.

இரண்டின் அலையெண்ணையும் கழித்துப் பாருங்கள். இரண்டு பையை 5ஆல் வகுத்த பெறுமானம் வரும். அதுதான் நிகர்மாற்றுச் சாலகத்தின் ஒரு படி. அந்தப் படிக்குள் அடங்கும் அலையெண்களை மட்டும் எடுத்தால் போதும், மிச்சம் எல்லாம் திரும்ப எழுதியதுதான் என்று சொல்வதே முதலாம் பிரில்லுவான் வலயம்.

இதைப் பிடித்துவிட்டால் எக்ஸ்-கதிர்க் கோணல் தானாக வரும். செம்பில் கன அலகின் பக்கம் 3.615 ஆங்ஸ்ட்ரோம். மூலைவிட்டத்துக்குச் செங்குத்தான தளங்களின் இடைவெளி அதை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுக்க 2.09. செம்புக் குழாயில் இருந்து வரும் 1.54 ஆங்ஸ்ட்ரோம் கதிரைப் பாய்ச்சினால் முதல் உச்சம் 43.3 பாகையில் நிற்கும் (பிராக் கோணத்தின் இரட்டிப்பு, 2θ). கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு எந்த ஆய்வுக்கட்டுரையிலாவது செம்பின் கோணல் படத்தைத் திறந்து பாருங்கள்.

இங்கே ஆய்வுகூட வசதி இல்லை. பரிசோதனைப் பக்கம் போக ஆசைப்படலாமா?

ஆசைப்படலாம். திரவ ஈலியமும் வெற்றிட அறையும் இங்கே கிடைக்காது, அதற்குத்தான் பல்கலைக்கழகத்துக்குப் போகிறீர்கள். ஆனால் அளக்கும் பழக்கம் போகும்போதே கையில் இருக்க வேண்டும்.

ஒரு சாதாரண சிலிக்கன் டயோட், டயோட் சோதிக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர், வெப்பமானி, ஐஸ் கட்டி, ஒரு கேத்தில் வெந்நீர். டயோட்டின் கால்களுக்கு வயர் ஒட்டி, தண்ணீர் புகாமல் பொலித்தீனில் இறுகச் சுற்றிக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையில் மீட்டர் 0.6 வோல்ற்று அளவில் காட்டும். ஐஸ் தண்ணீரில் விட்டால் கூடும், வெந்நீரில் விட்டால் குறையும். ஒரு பாகைக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ற்று. பத்துப் புள்ளி எடுத்து, வெப்பநிலையைக் கெல்வினில் போட்டு, கோட்டைப் பின்னோக்கிப் பூச்சியம் கெல்வின் வரை நீட்டுங்கள். 1.2 வோல்ற்று அளவில் வெட்டும். சிலிக்கனின் பட்டை இடைவெளி, அதாவது இலத்திரன் நிரம்பிய பட்டைக்கும் அதற்கு மேலுள்ள வெற்றுப் பட்டைக்கும் இடையிலான சக்தி, பூச்சியம் கெல்வினுக்கு அருகில் 1.17 இலத்திரன் வோல்ற்று. கடையில் சில்லறைக்கு வாங்கிய ஒரு டயோட்டில் இருந்து, ஒரு திண்மத்தின் அடிப்படைப் பெறுமானத்தை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். மீதி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று எழுதத் தொடங்கினால் அதுவே இரண்டு பக்கம் வரும். விண்ணப்பக் கடிதத்தில் சொல்லக்கூடிய வேலை இது.

இதே பௌதிகம்தான் கூரையில் இருக்கும் சோலார் பனலிலும். பனலின் வலு 25 பாகைக்குக் குறிக்கப்பட்டது. பரந்தன் வெயிலில் மத்தியானம் பனல் 60 பாகையைத் தாண்டுவது சாதாரணம். சிலிக்கன் பனல் ஒரு பாகைக்கு 0.4 சதவீதம் அளவில் வலுவை இழக்கும். ஆக உச்சி வெயிலில் 14 சதவீதம் போய்விட்டது. வெயில் கூடினால் மின்சாரம் கூடும் என்று நினைப்பவர்களுக்கு இது புரியவே புரியாது. வெப்பம் ஏறும்போது சிலிக்கனுக்குள் தானாக உண்டாகும் இலத்திரன்–துளைச் சோடிகள் மடங்கு மடங்காகப் பெருகி, வோல்ற்றளவைக் கீழே இழுக்கின்றன என்பதுதான் விஷயம்.

கணினியில் செய்யும் ஆய்வு என்றால்?

வன்னியில் இருந்து தொடங்க மிகச் சுலபமான வழி இதுதான் என்பது என் அபிப்பிராயம். அடர்த்திச் சார்புக் கோட்பாடு என்பார்கள்: இலத்திரன்களைத் தனித்தனியாகப் பின்தொடராமல் அவற்றின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போடுவது. ஹோஹன்பர்க்கும் கோனும் 1964இலும், கோனும் ஷாமும் 1965இலும் போட்ட அத்திவாரம். கோனுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது, பௌதிகத்துக்கு அல்ல, இரசாயனவியலுக்கு. இந்தக் கணக்கைச் செய்ய குவாண்டம் எஸ்பிரெஸோ என்ற மென்பொருள் முழுக்க இலவசம். சிலிக்கனின் சக்திப் பட்டைகளைப் பழைய மடிக்கணினியிலேயே சில நிமிடத்தில் எடுக்கலாம்.

எடுத்ததும் ஒரு அதிர்ச்சி வரும். வழக்கமான அண்ணளவாக்கத்தில் சிலிக்கனின் இடைவெளி 0.6 அளவில்தான் வரும், உண்மையில் 1.17. நீங்கள் பிழை விட்டுவிட்டதாக நினைத்து இரவு முழுக்க உள்ளீட்டுக் கோப்பைத் தோண்ட வேண்டாம். அந்த அண்ணளவாக்கத்தின் குறை அது, உலகம் முழுக்க எல்லோருக்கும் அப்படித்தான் வரும். ஏன் குறைகிறது என்று படிக்கப் போனால், முதல் கேள்விக்குச் சொன்ன பதிலுக்கே வந்து நிற்பீர்கள்: இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுவதை எவ்வளவு தூரம் கைவிடலாம்?

இலங்கைக்குள் எங்கே செய்யலாம்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறை சூரியக் கல ஆய்வில் நன்றாக நிலைபெற்ற இடம். பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் இருக்கிறது. கண்டி ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் திண்மநிலை ஆய்வு பல வருடமாக நடக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகமும், ஹோமாகமவில் உள்ள நனோ தொழில்நுட்ப நிறுவனமும் அடுத்தவை. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது; பம்பைமடுவில் படித்தவர்கள் முதலில் தங்கள் விரிவுரையாளர்களிடமே ஆய்வு வாய்ப்பைக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மூன்று வருடப் பொதுப் பட்டமும் நான்கு வருடச் சிறப்புப் பட்டமும் தகுதிச் சட்டகத்தில் ஒரே மட்டம் இல்லை. பாடநெறி வழியான முதுமாணி வேறு, ஆய்வு வழியான முதுதத்துவமாணி வேறு. கலாநிதிப் பட்டம்தான் இலக்கு என்றால் ஆய்வு உள்ளதை எடுங்கள். பதவி உயர்வுக்குத்தான் என்றால் பாடநெறி போதும், வீணாக வருத்திக்கொள்ள வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் கற்பித்துக்கொண்டே படிக்க முடியுமா?

வார இறுதி வகுப்புள்ள பாடநெறி முடியும். ஏ-9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிவதால் பஸ் பிரச்சினை இல்லை, நித்திரைதான் பிரச்சினை. முழுநேர ஆய்வை வேலையோடு சேர்த்துச் செய்யப் போகாதீர்கள்.

தமிழ் மொழிமூலம் படித்த எங்களுக்கு ஆங்கிலம் தடையா?

பட்டப்படிப்பையே ஆங்கிலத்தில் முடித்தவர்கள் நீங்கள். வாசிப்பில் சிக்கல் வராது, எழுத்தில்தான் வரும். வாரம் ஒரு ஆய்வுக்கட்டுரைச் சுருக்கத்தை எடுத்து, மூடிவைத்துவிட்டு உங்கள் வசனத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்.

வெளிநாடு போக முழுப் பணமும் கட்டவேணுமா?

இல்லை. இதில்தான் எங்கள் பிள்ளைகள் முகவர்களிடம் அதிகம் ஏமாறுகிறார்கள். பௌதிகக் கலாநிதிப் படிப்புக்கு அமெரிக்காவில் பொதுவாகக் கல்விக் கட்டணமும் இல்லை, மாதச் செலவுக்கும் தருவார்கள். பதிலாக நீங்கள் கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை செய்ய வேண்டும். முதுமாணி தேவையில்லை, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரடியாகப் போகலாம். பட்டப்பின்படிப்பு நுழைவுக்கான பௌதிக ஜீ.ஆர்.ஈ. பரீட்சையைப் பல துறைகள் இப்போது கட்டாயமாக்குவதில்லை. கட்டணம் கட்ட முன்னர் ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் பாருங்கள்.

இங்கே அதிகம் பேருக்குத் தெரியாத வழி இத்தாலியின் திரியெஸ்த் நகரில் இருக்கிறது. அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய சர்வதேச கோட்பாட்டுப் பௌதிக மையம். வளர்முக நாட்டு மாணவர்களுக்கு ஒரு வருட பட்டப்பின் டிப்ளோமா நடத்துகிறார்கள். செறிபொருட் பௌதிகம் அதில் ஒரு பிரிவு. கட்டணம் இல்லை, தங்கி வாழ உதவித்தொகையும் உண்டு. முடித்தவர்கள் பலர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கலாநிதிப் படிப்புக்குப் போயிருக்கிறார்கள். கோட்பாட்டில் பலமான, ஆனால் பரிசோதனை அனுபவம் குறைந்த எங்கள் மாணவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஜப்பான் அரசின் புலமைப்பரிசிலும், இந்திய அரசின் புலமைப்பரிசில்களும் அடுத்துப் பார்க்க வேண்டியவை.

எங்கள் பக்கத்துக் கனியத்தை வைத்து ஆய்வு செய்யலாமா?

கொக்கிளாய்க்குத் தெற்கே புல்மோட்டைக் கரையில் கறுப்பு மணல் பார்த்திருப்பீர்கள். இல்மனைட், உரூத்தைல், சேர்கோன் எல்லாம் அதில் இருக்கிறது. உரூத்தைல் என்பது தைத்தானியம் ஈரொட்சைட்டு. அதன் பட்டை இடைவெளி 3.0 இலத்திரன் வோல்ற்று, அதே சேர்வையின் அனதேஸ் வடிவத்துக்கு 3.2. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிடிக்க இது கூடிவிட்டது. அதனால்தான் 1991இல் ஓ'ரீகனும் கிரெட்செலும் அதன் நுண்துகள்களின் மேல் சாயம் பூசி, ஒளி பிடிக்கும் வேலையைச் சாயத்திடம் கொடுத்தார்கள். சாய உணர்திறன் சூரியக் கலம் என்று பேர். இலங்கையில் இந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள் இருக்கிறார்கள், தலைப்புத் தேடுபவருக்கு நல்ல இடம். ஆனால் மணலை நீங்களாகப் போய் அள்ளிவராதீர்கள்: அனுமதி வேண்டும். அதோடு மொனசைட்டும் கலந்திருக்கும், அதில் கதிர்த்தொழிற்பாடுள்ள தோரியம் உண்டு.

இடம்பெயர்வில் சான்றிதழ்கள் தொலைந்துவிட்டன. விண்ணப்பிக்க வழி உண்டா?

உண்டு. சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களம் சுட்டெண்ணோ ஆண்டோ வைத்துத் தேடி உறுதிப்படுத்தித் தரும். பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகம், பட்டப் பெறுபேற்றுக்குப் பல்கலைக்கழகப் பதிவாளர். மூன்றும் மூன்று வேகத்தில் நகரும். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு அரை வருடம் முந்தியே தொடங்குங்கள். இடையில் சில வருடம் படிப்பு நின்றிருந்தால் கடிதத்தில் ஒரு வசனத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டு, இப்போது என்ன படிக்கிறீர்கள் என்பதற்குப் போங்கள்.

மேற்பார்வையாளருக்கு என்ன எழுதுவது?

சுருக்கமாக எழுதுங்கள். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றை உண்மையில் வாசித்து, அதில் விளங்காத ஒரு இடத்தைக் கேள்வியாகக் கேளுங்கள். பிறகு நீங்கள் செய்த ஒரு வேலை: டயோட் கோடோ, சிலிக்கன் பட்டைகளோ, படத்தோடு. பெறுபேற்றுத் தாளை இணையுங்கள். "மதிப்புக்குரிய ஐயா, தங்கள் உன்னதமான ஆய்வு" என்ற பாணியை அப்படியே ஆங்கிலத்தில் போடாதீர்கள், அதைப் பார்த்ததும் மூடிவிடுவார்கள். இரண்டு வாரம் பதில் இல்லை என்றால் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லை என்றால், சரி, அடுத்தவருக்கு எழுதுங்கள்.